வெள்ளத்தில் நின்ற எஞ்சினை மறுபடியும் இயக்காதீர்கள்: மலையகச் சாரதிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முச்சக்கர வண்டி, பாடசாலை வான், வாடகைக் கார் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றில் அங்கம் வகிக்கும் அண்ணன்மார் தம்பிமார் அனைவருக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கம் வீதியோரமாகக் கராஜ் வைத்திருப்பவன் நான். உங்களில் பலரின் வாகனங்களை இந்தக் கைகள் திறந்து மூடியிருக்கின்றன. அந்த உரிமையோடு எழுதுகிறேன். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்குமுன் உங்கள் சங்கக் கூட்டங்களில் இதை ஒருவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை மறுபடியும் திருப்பாதீர்கள். பள்ளத்தில் உருட்டிக் கியரில் போட்டும் கிளப்பாதீர்கள். நின்றது நின்றபடியே கயிறு கட்டிக் கராஜுக்கு வரட்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணுக்குள் போன உயிர்களுக்கு முன்னால் எஞ்சினைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் தப்பிப் பிழைத்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஒரு வாகனம்தான் அடுப்பு எரிவதற்கான வழி. தோட்டத்துச் சம்பளத்தை விட்டு வெளியேறி, லீசிங் எடுத்து ஒரு முச்சக்கர வண்டியோ வானோ வாங்கியவனுக்கு எஞ்சின் உடைந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை.

அந்த மழைக்குப் பிறகு என் வாசலுக்கு வந்த எஞ்சின்களைத் திறந்தபோது மனம் பதறியது. அவற்றில் பல, நின்ற இடத்திலேயே தொடாமல் விட்டிருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் மாற்றி, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடியவை. வெள்ளம் வடிந்த பிறகு, காய்ந்த வீதியில் வைத்து, ‘ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்’ என்று யாரோ சொன்ன அந்த நொடியில்தான் அவை உடைந்திருக்கின்றன.

ஏன் உடைகின்றன என்பதை விளக்கமாகச் சொல்ல விடுங்கள். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றைப் பிஸ்டன் மேலே ஏறி நசுக்குகிறது. காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் உச்சிக்கு ஏறியபின் அதன் தலைக்கு மேல் எஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். நம் வீதிகளில் நிறைய ஓடும் 660 சிசி ஜப்பான் கார்களில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கன சென்றிமீற்றர். அழுத்த விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள முழு இடத்துக்கும், உச்சியில் எஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) 11க்கு 1 என்று வைத்துக்கொண்டால், மேலே எஞ்சும் இடம் 22 மில்லிலீற்றர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழைய டொல்பின் வான்களில் பலவற்றில் இருப்பது 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 700 கன சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, அழுத்த விகிதம் 22க்கு 1. அவ்வளவு பெரிய எஞ்சினிலும் பிஸ்டனுக்கு மேல் எஞ்சுவது 33 மில்லிலீற்றர்தான். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர்.

அதற்கு மேல் போனால் பிஸ்டன் ஏறுவதற்கு இடமில்லை. மேலே அசையாத தண்ணீர், கீழே சுழன்றாக வேண்டிய கிராங்க். இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டான கொன்ரொட். அது வளையும், அல்லது முறியும். முறிந்த துண்டு புளொக்கின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டால் அந்த எஞ்சினை யாராலும் திருத்த முடியாது. வேகமாக ஓட்டிக்கொண்டு போகும்போது தண்ணீரை இழுத்தால் இது உடனேயே நடந்துவிடும். மெதுவாகப் போகும்போது இழுத்தால் பெரும்பாலும் எஞ்சின் திணறி நின்றுவிடும். அப்போது சேதம் இன்னும் நடக்காமல்கூட இருக்கலாம். அதாவது எஞ்சின் நின்றது என்பது உங்களுக்குக் கிடைத்த ஒரு சந்தர்ப்பம். சாவியைத் திருப்பினால் அது கைவிட்டுப் போகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் அப்பாமார் காலத்தில் இந்த மலைகளில் ஓடிய வாடகைக் கார்கள் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும். அவற்றில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் பட்டதும் பொறி செத்து, தண்ணீர் உள்ளே போவதற்கு முன்பே எஞ்சின் நின்றுவிடும். மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துக் காயவைத்து அடித்தால் மறுபடியும் ஓடும். அந்தக் காருக்கு அது சரியான வைத்தியம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய பெற்றோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் கொயில் மூடி உட்கார்ந்திருக்கிறது. இலேசில் ஈரம் ஏறாது. டீசலுக்குப் பொறியே தேவையில்லை. ஆகவே இன்றைய வாகனம் வெள்ளத்தில் நின்றால், அது தண்ணீரை விழுங்கியபின் நின்றது என்றே முதலில் நினைக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அது வேறு எஞ்சினுக்கான அறிவு.

அடுத்தது, மலையகத்துக்கென்றே உள்ள ஒரு பழக்கம். இறக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம். பற்றரி இறங்கினால் உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு எஞ்சினைக் கிளப்புவது நமக்குச் சிறு வயதிலிருந்தே கைவந்த வித்தை. பற்றரி பலவீனமான நாளில் செய்யுங்கள், குறையில்லை. தண்ணீர் குடித்த எஞ்சினில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டருக்கு இருக்கும் வலு குறைவு. தண்ணீரில் முட்டும்போது பல நேரம் ‘டக்’ என்று நின்றுவிடும், அதனால் சில எஞ்சின்கள் தப்பிவிடுவதும் உண்டு. ஒன்றரைத் தொன் வான் ஒன்று லக்ஷபான இறக்கத்தில் உருண்டு வரும் வேகத்தில் கியர் விழுந்தால், அந்த முழு எடையும் கொன்ரொட்டின் மேல்தான் இறங்கும். நான் பார்த்த மிக மோசமான உடைவுகள் இப்படி உருட்டிக் கிளப்பியவை. தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தும்போது கியரில் போட்டு வைக்கும் வழக்கத்தையும் அன்றைக்கு விட்டுவிட்டு, கைப் பிரேக்கைப் போட்டு டயருக்குக் கல் வையுங்கள்.

‘நான் அடித்தேன், ஓடியதே’ என்று சொல்கிறவர்கள் உங்களிடையே இருப்பார்கள். ஓடும். சற்றே வளைந்த கொன்ரொட்டோடு எஞ்சின் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட ஓடும். பிஸ்டன் முன்பு ஏறிய உயரத்துக்கு இப்போது ஏறாது. ஒரு சிலிண்டரின் அமுக்கம், அதாவது காற்றை நசுக்கும் அழுத்தம், மட்டும் குறைந்திருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சின் ஒரு மாதிரித் தட்டும், ஒயில் குறையும். பிறகு ஒரு நாள், கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை வளைவிலோ, பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கும்போது அது முறியும். அப்போது அது வெள்ளத்தோடு சம்பந்தப்பட்டது என்று யாருக்கும் தோன்றாது. கராஜ்காரன் சரியாகச் செய்யவில்லை என்பார்கள். அதனால், எப்படியோ மறுபடி ஓடிவிட்ட வண்டியாக இருந்தாலும் கொண்டுவந்து எல்லாச் சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். அளக்கும் வேலை பெரிதில்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதிலும் நிறையப் பேருக்குத் தெளிவில்லை. சைலன்சர் மூழ்குவதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் புகையை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த வழியாக எளிதில் ஏறாது. ஆபத்தான வாய் முன்னால் இருக்கிறது: எயார் பில்டருக்குப் போகும் குழாயின் வாய். சில வண்டிகளில் அது கிரில்லுக்கு மேல் இருக்கும், சிலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், சிலவற்றில் மட்காட்டுக்கு உள்ளே கீழே இறங்கியிருக்கும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பொனட்டைத் திறந்து விரல் வைத்துப் பாருங்கள். முச்சக்கர வண்டிக்காரர்கள் பின்பக்கம் பாருங்கள். வீதியில் நிற்கும் தண்ணீரின் ஆழம் ஒன்று. வண்டி ஓடும்போது முன்னால் எழும் அலையின் உயரம் வேறு. அரைச் சக்கரம்கூட மூழ்காத தண்ணீரில் வேகமாகப் போனவனின் எஞ்சின் குடித்துவிடுகிறது. எதிரே வரும் பஸ் தள்ளிவிடும் அலையிலும் அப்படித்தான். கடந்தே ஆக வேண்டிய ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத தண்ணீர் என்றால் முதல் கியரில், நடை வேகத்தில், எதிரே எதுவும் வராதபோது, நடுவில் நிற்காமல் போங்கள். அரைச் சக்கரத்துக்கு மேல் என்றால் போகவே வேண்டாம்.

ஓடும் தண்ணீர் என்றால் எஞ்சின் பேச்சே இரண்டாம் பட்சம். சிறிய காரின் தரையடிப் பரப்பை 3.5 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொட்ட பிறகு தண்ணீர் 10 சென்றிமீற்றர் உயர்ந்தால் 350 கிலோ எடையை அது தாங்கிவிடுகிறது. 20 சென்றிமீற்றர் உயர்ந்தால் 700 கிலோ. வண்டியின் மொத்த எடையே அதை ஒட்டித்தான் இருக்கிறது. முச்சக்கர வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டயருக்கு வீதியில் பிடி இல்லாமல் போனதும், வெள்ளம் மேலால் பாயும் தாழ்வான சப்பாத்துப் பாலத்தின் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். 30 சென்றிமீற்றர் ஓடும் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும் என்று உலகெங்கும் எச்சரிக்கிறார்கள். 30 சென்றிமீற்றர் என்பது முழங்காலுக்கும் கீழே. நம் ஓயாக்களில் அந்தத் தண்ணீரோடு கல்லும் மரக்கட்டையும் சேர்ந்து வரும். கலங்கிய தண்ணீருக்குள் வீதி இன்னும் இருக்கிறதா, பாதி அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது.

ஆனால் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. களனிக் கரையிலும் இரத்தினபுரியிலும் வெள்ளம் ஏறினால் நாட்கணக்கில் நிற்கும். மலையின் தண்ணீர் அப்படியில்லை. மேலே தோட்டத்தில் கொட்டிய மழை கான் வழியாக இறங்கி, மதகு கொள்ளாமல் வீதியில் ஏறி, மழை விட்டதும் பெரும்பாலும் ஓரிரு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். ஐப்பசி கார்த்திகைப் பிற்பகல் இடிமழையில் இதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கீழ்நாட்டுச் சாரதிக்குக் காத்திருந்து பயனில்லாத இடத்தில், நமக்குக் காத்திருந்தால் வழி கிடைக்கிறது. ஒரு மணித்தியாலக் காத்திருப்பை ஓர் எஞ்சினின் விலையோடு வைத்துப் பாருங்கள். மேலே அணைக்கட்டின் வான்கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. அன்றைக்கு ஆற்றோர வீதிக்கே போகாதீர்கள்.

காத்திருக்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெட்டிய மண்மேட்டுக்கு அடியில் நிற்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்ததுமே முதல் எச்சரிக்கை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் ஊர்களில் அந்த 75 எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பது உங்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளோடு நிற்கிறீர்கள் என்றால் கோயிலோ பாடசாலையோ கடைத்தெருவோ உள்ள சமதரைக்குத் திரும்பிப் போய் நில்லுங்கள்.

காத்திருக்க விடாதது பெரும்பாலும் பயணிகள்தான் என்பதை நான் அறிவேன். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள், வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், பிள்ளை இன்னும் வரவில்லையே என்று தொலைபேசியில் அழும் தாய்மார். ‘முன்னால் போன வண்டி போய்விட்டதே, உங்களுக்கு என்ன பயம்’ என்று கேட்பார்கள். முன்னால் போனது லொறியாக இருக்கும். அதன் காற்றுக் குழாயின் வாய் உங்கள் கூரை உயரத்தில் இருக்கும். இந்த நெருக்குதலைத் தனி ஒரு சாரதியால் தாங்க முடியாது. சங்கம்தான் தாங்க வேண்டும்.

அதற்காகவே இந்த யோசனை. தண்ணீர் ஏறும் இடங்கள் எவை என்று உங்களுக்கு அத்துப்படி. பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயாவை ஒட்டிய வீதி, அக்கரப்பத்தனை டயகமப் பக்கத்துப் பள்ளங்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் கீழ்க் கணக்குக்கு (கீழ்ப் பிரிவுக்கு) போகும் சப்பாத்துப் பாலம். அப்படியான ஒவ்வோர் இடத்துக்கும் இரு கரையிலும் உள்ள தரிப்பிடங்களின் சாரதிகள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருக்கட்டும். வீதி மூடினால், உறுதியான நடைபாலம் இருக்கும் இடத்தில் பயணியை அதன் வழியாகக் கைபிடித்து அக்கரைக்கு அழைத்துப் போய், அங்கே காத்திருக்கும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கூலியை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். நோயாளி என்றால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை அக்கரைக்கு வரச் சொல்லலாம். பாடசாலை வான்காரர்கள் இதைப் பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மழை நாளில் யாரும் கோபப்பட மாட்டார்கள். தண்ணீரைப் பார்த்துத் திரும்பிய சாரதியை ‘பயந்தவன்’ என்று தரிப்பிடத்தில் கேலி செய்கிறவர்களைச் சங்கம் கண்டிக்க வேண்டும். அந்தக் கேலியே எத்தனையோ எஞ்சின்களை உடைத்திருக்கிறது.

அத்தகைய இடங்களில் ஆழம் காட்டும் கம்பங்களை நடுவது வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் செய்ய வேண்டிய வேலை. தோட்ட நிர்வாகங்கள் முன்போல ஒழுங்காகக் கான் வெட்டி மதகுகளைத் துப்புரவாக்கினால் பாதி வெள்ளம் வீதிக்கு வராது. அவர்களுக்குத் தனியாக எழுதுவேன். அதுவரை, பிரதேச சபையிடம் அனுமதி வாங்கி, ஒரு வெள்ளைக் கம்பத்தில் அரைச் சக்கர உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு நடுவதற்குச் சங்கத்தின் பணமே போதும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். உங்கள் காரில் எஞ்சின் நின்றிருப்பது போலத் தெரிந்தாலும், அது தானாகவே மறுபடி இயங்க முயலும். அதைச் சுழற்றும் மின்மோட்டருக்கு வலுவும் அதிகம். தண்ணீரில் நின்றால் பவர் பொத்தானை அழுத்தி முழுமையாக அணையுங்கள். ‘ரெடி’ விளக்கு அணைந்திருக்க வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். பல மாதிரிகளில் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின் ஆசனத்தின் ஓரத்தில் இருக்கிறது; உள்ளே தண்ணீர் வந்திருந்தால் அதைத் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை காரை இயக்கவே கூடாது.

காப்புறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் சேதத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி உள்ளவர்கள் பத்திரத்தை எடுத்து, வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே வாசியுங்கள். நின்ற எஞ்சினைச் சாரதி மறுபடி இயக்கியதால் உடைந்தது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலையில் நம்மில் யாரும் இன்னொரு வண்டியை எளிதில் வாங்கிவிட முடியாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

வண்டியைத் தொடாமல் கொண்டுவந்தால் நாங்கள் செய்வது இதுதான். முதலில் எயார் பில்டரைப் பார்ப்போம். அது காய்ந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் எஞ்சினில் பிளக்குகளையும், டீசலில் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பானர் போட்டுக் கையாலேயே சுற்றுவோம். உள்ளே இருந்த தண்ணீர் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, அமுக்கம் அளந்து, எஞ்சின் ஒயில் பால்நிறமாக மாறியிருக்கிறதா என்று பார்த்து மாற்றுவோம். சில நாள் ஓடியபின் மறுபடியும் மாற்றுவோம். கியர்பொக்ஸ் ஒயிலையும் டிபரன்சல் ஒயிலையும் திறந்து பார்ப்போம், ஏனென்றால் சூடான பெட்டி திடீரென்று குளிரும்போது மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரேக்குக்குள் அடைந்த சேற்றைக் கழுவுவோம். ஒரு புதிய எஞ்சினுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. நாள் தள்ளிப் போடாதீர்கள். உள்ளே நின்ற தண்ணீர் சில நாளிலேயே சிலிண்டர் சுவரில் துரு ஏற்றிவிடும்.

மே மாதத்துக்கு முன் உங்களுக்கு வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சங்கங்கள் முடிவு செய்து சொல்லட்டும். என் கராஜில் ஒரு டீசல் எஞ்சினைத் திறந்து மேசையில் வைத்து, வளைந்த கொன்ரொட்டையும் நல்லதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். ஒவ்வொருவரும் தங்கள் வண்டியின் பொனட்டைத் திறந்து காற்றுக் குழாயின் வாயைக் கண்டுபிடித்து, அதன் உயரத்தைச் சாரதிக் கதவின் உட்புறத்தில் எழுதிக்கொண்டு போகலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்று, மறுபடி இயக்கப்படாமல் வரும் எந்தச் சங்க உறுப்பினரின் வாகனத்துக்கும் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் வெளியேற்றும் கூலியை நான் வாங்கப் போவதில்லை. பக்கத்து ஊர்களில் கராஜ் நடத்தும் நண்பர்களிடமும் இதையே கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாகனங்களின் மேல் அக்கறை கொண்ட
ஹட்டன் பகுதி மெக்கானிக் ஒருவன்